ஈறுக்குள் ஒரு சவ்வு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடைவாய்ப் பல்லைச் சுற்றி எலும்பு கரைந்திருக்கிறது, ஈறைத் திறந்து சவ்வு வைக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். "சவ்வு வைத்தால் எலும்பு முளைக்குமா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். சவ்வு எதையும் முளைக்க வைக்காது. அது வழிமறித்து நிற்கும். முளைக்க வேண்டியது உன் உடம்பு.

வேரைச் சுத்தம் செய்து ஈறைத் தைத்ததும், முதலில் ஓடிவந்து அந்தப் பள்ளத்தை அடைப்பது ஈறின் மேல்தோல். எலும்பும், பல்லை எலும்போடு கட்டிப்போடும் நாரும் மெதுவாக வளர்கிறவை. தோல் முந்திக்கொண்டால் அவற்றுக்கு இடமில்லை. அதை மறிக்கத்தான் சவ்வு. 1982-ல் சுவீடனில் நைமன், லிண்டே குழுவினர் ஆய்வுக்கூட வடிதாளையே ஒரு பல்லில் சவ்வாக வைத்து, மூன்று மாதம் கழித்து அந்தப் பல்லை எடுத்துப் பார்த்தார்கள். வேரில் புதிய நார் பிடித்திருந்தது.

"அப்புறம் அதை எடுக்க இன்னொரு தரம் கிழிப்பார்களா?" என்று பயப்படாதே. பழைய கோர்டெக்ஸ் சவ்வுக்குத்தான் அந்தத் தொல்லை. கொலாஜன் சவ்வு தானே கரைந்துவிடும். அது மாட்டிலோ பன்றியிலோ எடுத்ததாக இருக்கலாம். சென்னையில் மீன் கொலாஜனிலும் செய்கிறார்கள். உன் அம்மாவுக்கு மனக்குறை வராமல் முன்னாடியே கேட்டுக்கொள்.

உன்னை எனக்குத் தெரியும், ஆடுகிற பல்லுக்கெல்லாம் வைக்கச் சொல்வாய். எலும்பு சுற்றிலும் ஒரே மட்டமாகத் தேய்ந்திருந்தால் பயனில்லை. வேரை ஒட்டிக் குழியாக இறங்கி, எலும்புச் சுவர் மிச்சமிருக்கிற இடத்தில்தான் இது நன்றாக வேலை செய்யும்.

இனி உன் சட்டைப்பையில் இருக்கிற பீடி. பக்கத்து வேடசந்தூரில் புகையிலைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் வைத்த சீமை நம்முடையது. பீடியை விடு என்றால் உனக்குக் கோபம் வருகிறது. வரட்டும். 1995-ல் டொனெட்டி குழு வெளியிட்ட ஆய்வைப் பார்: இதே சிகிச்சையில் புகைக்காதவர்களுக்குச் சராசரியாக 5.2 மில்லிமீட்டர் பிடிப்பு திரும்பியது, புகைக்கிறவர்களுக்கு 2.1தான். பாதிகூட இல்லை. பீடியை விடாமல் போய்ப் படுத்தால் செலவும் வலியும்தான் மிச்சம். வெற்றிலையோடு அடக்குகிற புகையிலையும் வேண்டாம்.

தைத்த பிறகு கண்ணாடி முன் உதட்டை இழுத்து இழுத்துப் பார்க்காதே. உப்பும் சாம்பலும் வைத்துத் தேய்க்காதே. அந்த இடத்தில் பிரஷ்ஷும் வேண்டாம். டாக்டர் தரும் மருந்துத் தண்ணீரால் கொப்பளி. சவ்வின் ஓரம் வெளியே தெரிந்தால் விரல் வைக்காமல் நேரே அவரிடம் போ. எலும்பு வந்ததா என்று எக்ஸ்ரேயில் பார்க்க ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும்; வாராவாரம் கேட்டு அவரைப் படுத்தாதே.

போவதற்கு முன் சர்க்கரை பார்த்துவிடு. உன் அம்மாவுக்கு இருக்கிறதல்லவா, உனக்கும் இருக்கலாம்.

அன்புடன்,
மாமா