வன்முறைக்கு ஆளான பெண்களும் மருத்துவமனைகளும்

இல்லங்களில் நிகழும் வன்முறை பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு இதனை உறுதிப்படுத்துகிறது. 18 முதல் 49 வயது வரையுள்ள, மணமான பெண்களில் சுமார் 29 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுள் 14 விழுக்காட்டினரே பிறர் உதவியை நாடினர். 77 விழுக்காட்டினர் உதவி நாடியதும் இல்லை, எவரிடமும் அதைக் கூறியதும் இல்லை.

ஆகவே, உதவி மையத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் மட்டும் போதாது. காவல் நிலையத்திற்கோ நீதிமன்றத்திற்கோ செல்லத் தயங்கும் பெண்ணும், காயத்திற்கு மருந்திட மருத்துவமனைக்கு வருகிறாள். உதவி அங்கேயே அவளுக்குக் கிடைக்குமாறு செய்யலாம் என்பதை மும்பையில் ஒரு தன்னார்வ நிறுவனம் நடைமுறையில் காட்டியது.

திலாசா

'சேஹத்' என்னும் அந்நிறுவனம், மும்பை மாநகராட்சியுடன் இணைந்து, பாந்த்ராவிலுள்ள பாபா மாநகராட்சி மருத்துவமனையில் 2001ஆம் ஆண்டு 'திலாசா' என்ற பிரிவைத் தொடங்கியது. இந்தியில் இச்சொல்லுக்கு ஆறுதல் என்பது பொருள். மருத்துவமனைக்கு வெளியே தனி மையமாக அன்றி, அதன் பிரிவுகளுள் ஒன்றாகவே இது அமைக்கப்பட்டது. எனவே, இங்கு வரும் பெண் மற்ற நோயாளிகளைப் போலவே வந்து செல்ல இயலும்.

பணிமுறை

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி அளிப்பதே இத்திட்டத்தின் அடிப்படை. அடிக்கடி ஏற்படும் காயம், காரணம் விளங்காத வலி, 'தவறுதலாக' மருந்து அருந்தியதாகக் கூறப்படும் நிகழ்ச்சி ஆகியவற்றைக் கண்டால், அப்பெண்ணைத் தனியே அழைத்துப் பரிவுடன் வினவ அவர்கள் கற்பிக்கப்படுகின்றனர். பின்னர் அவள் ஆலோசகரிடம் அனுப்பப்படுகிறாள். அன்று வீடு திரும்புவது பாதுகாப்பானதா, தற்கொலை எண்ணம் உள்ளதா என்பவற்றை ஆலோசகர் முதலில் ஆராய்கிறார். வீடு திரும்ப இயலாத பெண்ணை ஓரிரு நாள் மருத்துவமனையிலேயே தங்க வைக்கவும் வழி உண்டு. கணவருடன் வாழ்வதா, பிரிவதா, புகார் அளிப்பதா என்பதை முடிவு செய்யும் உரிமை அப்பெண்ணுக்கே உரியது.

மருத்துவப் பதிவும் முக்கியமானது. 'கீழே விழுந்ததால் காயம்' என்று எழுதப்பட்ட குறிப்பு, பின்னாளில் வழக்குமன்றத்தில் அப்பெண்ணுக்கு எதிராகவே அமையலாம். யார், எதனால் தாக்கினார் என்று அவள் கூறியதைப் பதிவு செய்தால் அதுவே சான்றாகிறது.

சட்டத்தின் துணை

2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், கோரும் பெண்ணுக்கு மருத்துவ உதவி அளிப்பதை மருத்துவமனைகளின் கடமையாக்கியது. பதிவு பெற்ற தன்னார்வ நிறுவனங்கள் வன்முறை நிகழ்ச்சி அறிக்கை தயாரிக்கவும் அது அதிகாரம் வழங்கியது. பாலியல் வன்முறைக்கு ஆளானோர்க்கான மருத்துவப் பரிசோதனை நெறிமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்டது. 2015 முதல் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மாவட்டங்களில் நிறுவப்பட்டு வருகின்றன.

எதிர்காலப் பணி

திலாசா முறை பின்னர் தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கத்தின் வாயிலாக மும்பையின் வேறு மருத்துவமனைகளுக்கும் பரவியது. புதிய முறையொன்றைச் சோதித்து நிறுவுவது தன்னார்வ நிறுவனங்களால் இயலும். எல்லா ஊர்களுக்கும் அதனைக் கொண்டு செல்வது அரசால்தான் இயலும். ஆனால், மருத்துவமனைப் பணியாளர்கள் இடமாற்றம் பெறுந்தோறும் பெற்ற பயிற்சியும் அவர்களுடன் சென்றுவிடுகிறது. பயிற்சி ஆண்டுதோறும் தொடர்ந்தாலன்றி, ஆலோசகர் பணியிடங்கள் நிலையானவையாக்கப்பட்டாலன்றி, பிரிவின் பெயர்ப்பலகை மட்டுமே எஞ்சும். வாய் திறவாத அந்த 77 விழுக்காட்டுப் பெண்களை எட்டுவதற்கு இவ்விரண்டும் இன்றியமையாதவையாகும்.