சிக்ஸ்த் ஃபார்மில் பிள்ளை: முதல் வருடத்தைக் கோட்டை விடாதீர்கள்

ஊரில் படித்து வளர்ந்த பெற்றோருக்கு ஒரு வரிசை மனதில் ஊறிப்போயிருக்கும். பரீட்சை எழுது, மதிப்பெண் வரட்டும், எந்தக் கல்லூரி என்று பிறகு பார்க்கலாம். தமிழ்நாட்டின் கட்-ஆஃப், இலங்கையின் இசட் புள்ளி இரண்டுமே முடிவு வந்தபின் நடக்கிற காரியங்கள். இங்கிலாந்தில் அப்படியில்லை. சிக்ஸ்த் ஃபார்ம் என்பது ஏ-லெவல் படிக்கிற இயர் 12, இயர் 13 என்ற இரண்டு வருடம். ஏ-லெவல் பரீட்சை இயர் 13-இன் மே, ஜூனில் நடக்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பமோ அதற்குப் பல மாதங்கள் முன்பே போய்விடுகிறது. அப்போது கையில் இருப்பது இயர் 11-இல் எழுதிய ஜிசிஎஸ்இ முடிவும், 'இந்தப் பிள்ளை இன்ன கிரேடு வாங்கும்' என்று பள்ளி எழுதிக்கொடுக்கிற பிரெடிக்டட் கிரேடும்தான். அந்தக் கணிப்பைப் பெரும்பாலான பள்ளிகள் இயர் 12 கடைசியில் வைக்கும் தேர்வைக் கொண்டே போடுகின்றன. 'ஜிசிஎஸ்இ களைப்பு தீரட்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிற வருடம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது.

முதல் வேலை பாடத் தேர்வு. மூன்று பாடம் போதும். பல்கலைக்கழகங்கள் இடம் தருவது பொதுவாக மூன்று கிரேடுகளை வைத்துத்தான். நான்கு எடுத்து எல்லாவற்றிலும் பி வாங்குவதைவிட மூன்றில் ஏ வாங்குவது மேல். கணிதத்தோடு ஃபர்தர் மேத்ஸும் எடுக்கிற பிள்ளைக்கு மட்டும் நான்காவது பாடத்தில் அர்த்தம் உண்டு. மருத்துவத்துக்கு வேதியியல் ஏறக்குறைய எங்கும் வேண்டும், உயிரியலும் இருந்தால் வழி அகலம். பொறியியலுக்குக் கணிதமும் இயற்பியலும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிறவருக்கு ஏ-லெவல் கம்ப்யூட்டர் சயின்ஸைவிடக் கணிதமே முக்கியம் என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. சேர்வதற்கு முன் மூன்று நான்கு பல்கலைக்கழகங்களின் கோர்ஸ் பக்கத்தைத் திறந்து, கேட்கிற பாடங்களைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். பாடம் மாற்ற வேண்டுமானால் செப்டம்பரின் முதல் சில வாரங்களுக்குள் கேட்டுவிட வேண்டும். ஜிசிஎஸ்இ ஆங்கிலத்திலோ கணிதத்திலோ 4-ஆம் கிரேடு கிடைக்காத பிள்ளை, அந்தப் பாடத்தையும் கூடவே தொடர்ந்து படித்தாக வேண்டும்.

அடுத்தது ஃப்ரீ பீரியட். பத்துப் பாடம் படித்த பிள்ளைக்குத் திடீரென்று மூன்றே பாடம். அட்டவணையில் பாதி காலியாக இருப்பதைப் பார்த்து 'ஒன்றும் படிக்கவில்லையே' என்று நீங்கள் பதறலாம். அந்தக் காலி இடம்தான் ஏ-லெவலின் பாதி. செவ்வாய்க்கிழமை காலையில் வேதியியல் வகுப்பு என்றால், அன்றைய ஃப்ரீ பீரியடிலேயே அந்தப் பகுதியிலிருந்து பழைய பரீட்சைக் கேள்வி இரண்டைப் புத்தகம் பாராமல் எழுத வேண்டும். பிறகு மார்க் ஸ்கீமை எடுத்துத் தானே சிவப்புப் பேனாவால் திருத்த வேண்டும். 'வினைவேகம் கூடும்' என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் முழுசாக வராது. 'ஒரு நொடியில் நடக்கும் பயனுள்ள மோதல்கள் கூடுகின்றன' என்று காரணத்தையும் எழுதியிருக்க வேண்டும். இந்த நுணுக்கம் டியூஷனில் வருவதைவிடத் தன் கையால் திருத்தும்போதுதான் மனதில் ஏறும். ஏக்யூஏ, எட்எக்செல், ஓசிஆர் ஆகிய தேர்வு வாரியங்களின் தளங்களில் பழைய தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. டியூஷனுக்குப் பணம் கட்டுமுன் அவற்றை ஒரு கை பாருங்கள்.

சனிக்கிழமை கடையில் வேலைக்குப் போக ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் தாங்கும், மூன்று நாள் தாங்காது.

இயர் 12 ஜூன், ஜூலையில் பல்கலைக்கழகங்களின் ஓப்பன் டே பார்க்கப் போவதோடு, விண்ணப்பத்தோடு போகும் பர்சனல் ஸ்டேட்மென்ட்டும் தொடங்கிவிட வேண்டும். 2026-இல் சேர்கிறவர்களிலிருந்து இது ஒரே கட்டுரையாக இல்லை. மூன்று கேள்விகளுக்கு மொத்தம் 4,000 எழுத்துகளுக்குள் பதில். ஏன் இந்தப் படிப்பு, படித்த பாடங்கள் எப்படித் தயார்ப்படுத்தின, வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்பவையே அந்த மூன்றும். 'சிறுவயது முதலே டாக்டராக ஆசை' என்று தொடங்கினால் அது யாருடைய கடிதமாகவும் இருக்கலாம். 'அம்மம்மாவுக்குத் தினமும் ஒரே இடத்தில் இன்சுலின் போட்டு அங்கே தோல் தடித்துவிட்டது. அப்படித் தடித்த இடத்தில் மருந்து சீராக உடலில் சேராது என்று படித்துத் தெரிந்துகொண்டேன்' என்று எழுதினால் அங்கே ஒரு பிள்ளை தெரிகிறது. பார்த்த ஒன்று, அதிலிருந்து எழுந்த கேள்வி, அதற்குத் தேடிய விடை: இந்த மூன்றும் இருந்தால் போதும். தயவுசெய்து நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.

மருத்துவத்துக்குப் போகிறவர்கள் அதே கோடையில் யூகேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வையும் எழுத வேண்டும். ஒரு வருடத்தில் ஒரு முறைதான் எழுத முடியும்.

பல்கலைக்கழக விண்ணப்பம் போவது யூகாஸ் தளம் வழியாக. அந்த விண்ணப்பத்தில் ஐந்து இடங்கள் போடலாம். மருத்துவத்துக்கு நான்குதான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே ஒரே வருடத்தில் போட முடியும். இவ்விரண்டுக்கும் மருத்துவத்துக்கும் அக்டோபர் 15 கடைசி நாள், பெரும்பாலான மற்றப் படிப்புகளுக்கு ஜனவரி. பள்ளி தன் பரிந்துரையைச் சேர்க்க அதற்கும் முன்பே ஒரு தேதி வைத்திருக்கும். காலண்டரில் குறிக்க வேண்டியது அதைத்தான்.

பணப் பேச்சை முன்பே பேசுங்கள். 2025-26-இல் இங்கிலாந்தில் உள்ளூர் மாணவருக்கான உச்சக் கட்டணம் 9,535 பவுண்ட். அதற்குக் கடன் கிடைக்கும். இப்போதைய திட்டத்தில் வருடச் சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள். 40 வருடத்தில் தீராத மீதி தள்ளுபடி. வேலை விசாவில் வந்த குடும்பங்கள்தான் இங்கே கவனமாக இருக்க வேண்டும். பிள்ளை இங்கே பள்ளியில் இலவசமாகப் படித்ததாலேயே உள்ளூர்க் கட்டணம் கிடைத்துவிடாது. படிப்பு தொடங்கும்போது நிரந்தர வதிவிட உரிமையோ குடியுரிமையோ இருப்பதும், அதற்கு முந்தைய மூன்று வருடம் இங்கே வசித்திருப்பதும் பொதுவான விதி. நெடுங்காலம் இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தனி விதி உண்டு. இயர் 12-லேயே பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கிற டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் என்றால் பல பெற்றோருக்கு முகம் சுருங்குகிறது. கட்டணம் இல்லை, சம்பளம் உண்டு, முடிவில் பட்டமும் உண்டு. ரோல்ஸ்-ராய்ஸ், பிபிசி போன்ற நிறுவனங்கள் இதை நடத்துகின்றன. விண்ணப்பிப்பது நிறுவனத்திடம் நேரடியாக என்பதால், யூகாஸ் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டே இதற்கும் முயலலாம்.

இன்ன கிரேடு வாங்கினால் இடம் என்று பல்கலைக்கழகங்கள் பதில் சொன்னபின், ஒன்றை ஃபர்ம் (முதல் விருப்பம்) என்றும் இன்னொன்றை இன்ஷூரன்ஸ் (மாற்று இடம்) என்றும் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே கிரேடு கேட்டால் இன்ஷூரன்ஸால் பயனில்லை. அது குறைந்த கிரேடு கேட்பதாகவும், பிள்ளை மனமாரப் போகக்கூடிய இடமாகவும் இருக்கட்டும்.

முடிவு ஆகஸ்ட் நடுவில் ஒரு வியாழக்கிழமை காலை வரும். அந்த வாரத்தில் ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். கிரேடு குறைந்தாலும் ஃபர்ம் இடம் சில நேரம் சேர்த்துக்கொள்ளும், ஆகவே முதலில் யூகாஸ் பக்கத்தைப் பார்க்க வேண்டும். இடம் போயிருந்தால், நிரம்பாமல் மீந்த இடங்களுக்கு முயலும் கிளியரிங். அதற்கு நான்கைந்து கோர்ஸ்களின் தொலைபேசி எண்ணை முந்தைய நாளே எழுதி வைத்திருக்க வேண்டும், யூகாஸ் எண்ணும் ஜிசிஎஸ்இ கிரேடும் பக்கத்தில் இருக்க வேண்டும். பேச வேண்டியது பிள்ளை. அம்மாவோ அப்பாவோ பேசினால் பல்கலைக்கழகம் பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொல்லும். வாய்மொழியாக இடம் தருகிறோம் என்றால், பேசியவர் பெயரையும், எவ்வளவு நேரத்துக்குள் யூகாஸில் பதிய வேண்டும் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டுதான் போனை வைக்க வேண்டும்.