கடை கட்டுமுன் கரண்டுக் கணக்கு

சரக்கு வாங்கும்போது மூட்டைக்கு மூட்டை குத்தூசி போட்டு மாதிரி பார்க்கிறவர்கள் நாம். கடையோ கிட்டங்கியோ கட்டும்போது மட்டும், மதிப்பீட்டில் "மின்சாரம் மிச்சமாகும்" என்று எழுதியிருந்தால் அப்படியே ஒப்புக்கொள்கிறோம். எத்தனை யூனிட் குறையும், போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை. மேற்குப் பார்த்த என் மளிகைக் கடைக்கு முகப்பு முழுவதும் பச்சைக் கண்ணாடி போட்டால் விளக்குச் செலவு குறையும் என்றார் கட்டியவர். குறைந்தது உண்மைதான். ஆனால் மூன்று மணி வெயில் உள்ளே இறங்கி, முன்வரிசை வெல்லம் இளகி, கடைசியில் ஏ.சி. வைக்கும்படி ஆயிற்று. பிறகு கண்ணாடிக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டேன். உள்ளே திரை போட்டபோது கிடைக்காத பலன் அதில் கிடைத்தது. வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் சூடு உள்ளேதான் தங்கும்.

மத்திய அரசின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு 2007இல் வந்தது. அதன் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் இணைப்புச் சுமை உள்ள வணிகக் கட்டடங்களுக்கானது. ஐந்து, பத்து கிலோவாட் வைத்திருக்கும் நாம் நம் கணக்கை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் மீட்டர். இரவு கடை சாத்தும்போது அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்; காலையில் திறந்ததும் மறுபடி பாருங்கள். விளக்கும் விசிறியும் நின்றிருந்ததால் இடையில் ஓடியது ஃப்ரீசர் கணக்கு. என் கடையில் இரண்டு பழைய டீப் ஃப்ரீசர்களுக்கு எட்டு மணி நேரத்தில் 3 யூனிட். அப்படியானால் நாளுக்கு 9, மாதத்துக்கு 270 யூனிட். பகலில் கதவு திறந்து மூடுவதால் இன்னும் கூடும். யூனிட் 10 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 2,700 ரூபாய். இது தெரிந்த பிறகே கட்டட வரைபடத்தில் ஃப்ரீசருக்கு இடம் குறித்தேன். வெயில் படும் மேற்குச் சுவரோரம் வேண்டாம். பின்புறம் அரை அடியாவது காற்று போக வேண்டும். கதவு ரப்பர் சரியா என்று பார்க்கப் பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையில்லாமல் வந்தால் குளிரும் அந்த வழியே போகிறது.

அடுத்தது மாடி. நம் நாட்டுப்புறத்தில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வருவதால் சுவர்களைவிடக் கூரைக்கே வெயில் அதிகம். பிற்பகல் நான்கு மணிக்குப் பரண் உயரத்தில் ஒரு வெப்பமானி, கல்லா உயரத்தில் ஒன்று தொங்கவிட்டுப் பாருங்கள். மேலே அதிகம் காட்டினால் சூடு தளத்திலிருந்து இறங்குகிறது. நம்மில் பலர் எண்ணெய் டின்னையும் முந்திரியையும் அந்தப் பரணில்தான் ஏற்றுகிறோம். சிக்கு வாடை வந்த பிறகு கம்பெனியைக் குறை சொல்கிறோம்.

வெறும் சிமெண்டுத் தளம் வெயிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பியனுப்பும். புது வெள்ளைப் பூச்சு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் திருப்பும். தூசி படிந்தால் பலன் குறையுமாதலால் பங்குனி பிறக்குமுன் கழுவ வேண்டும். புதிதாகக் கட்டுவோர் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் போடுவதைச் செலவென்று தள்ளிவிடாதீர்கள். கீழே ஃபால்ஸ் சீலிங் போடுவதைவிட இது மேல். அந்த இடைவெளியில் எலி குடியேறினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கிட்டங்கிக்குக் கீழே காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் வழி வேண்டும், இரண்டிலும் வலையடித்துவிடுங்கள்.

விளக்குக் கணக்கு எளிது. பழைய 40 வாட் குழல்விளக்கு சோக்குடன் சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும், எல்.இ.டி. குழல் 20 வாட். எட்டு விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு ஏறக்குறைய 3 யூனிட் மிச்சம், மாதம் 900 ரூபாய். விளக்கு 300 ரூபாய் என்றால் மூன்று மாதத்துக்குள் முதல் திரும்பிவிடும். விசிறி அவ்வளவு வேகமில்லை. 75 வாட் விசிறியை எடுத்துவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி மாட்டினால் மாதம் 16 யூனிட், அதாவது 160 ரூபாய் மிச்சம். 3,000 ரூபாய் திரும்ப ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும்.

ஏ.சி. வாங்குவோர் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். ஒட்டுச்சீட்டில் உள்ள ஆண்டு யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் ஆண்டுக்கு 3,600 மணியைத் தாண்டும்.

சூரியத் தகட்டைக் கடைசியாக வையுங்கள். தேவையைக் குறைத்த பிறகு 5 கிலோவாட் கேட்ட இடத்தில் 3 போதுமென்று வரலாம். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். நாளுக்குச் சராசரி 4 யூனிட் கிடைக்கும். 2024இல் அறிவிக்கப்பட்ட பிரதமர் சூரிய வீடு திட்ட மானியம் வீடுகளுக்கே, கடைகளுக்கு இல்லை. மானியத்தைக் கழித்து விலை சொல்பவரிடம் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். பாட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு ஓடும் தகடு, மின்தடையின்போது தானும் நின்றுவிடும். ஃப்ரீசரை நம்பி ஐஸ்கிரீமும் பாலும் வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போடுமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.