நான் அங்கே இருந்தேன்



இம்மாதம் ஒரு வித்தியாசமான பாடம். பட்டாளத்தார் தங்கள் உடையில் அணிகிற அடையாளங்களைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். நம் பகுதிக்கு இது தூரமான காரியம் அல்ல. மேலே வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இருக்கிறது. கோவை ரெட்பீல்ட்ஸில் டெரிட்டோரியல் ஆர்மியின் 110வது பட்டாலியன் இருக்கிறது. சூலூரில் விமானப்படைத் தளம். நம் சபைகளிலேயே பென்ஷன் வாங்கும் பட்டாளத்து அண்ணன்மார் உண்டு. குடியரசு தினத்தன்று அவர்கள் கோட்டில் பதக்கம் குத்திக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறோம்.

அந்த வண்ணப் பட்டைகளும் தோளில் தைத்த துணிச் சின்னமும் என்ன சொல்லுகின்றன? "வீரம்" என்று நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். பல நேரங்களில் அது சரியான பதில் அல்ல. கவனியுங்கள்! பட்டாளத்து அடையாளங்கள் பலவும் மூன்று வகைக்குள் அடங்கும். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பினால் அந்த மனிதரை நாம் புரிந்துகொள்ளவே முடியாது.

1. "நான் இன்னாரைச் சேர்ந்தவன்"

மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் சின்னத்தில் ஒரு யானை இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள அசாயே என்ற இடத்தில் நடந்த யுத்தத்திலிருந்து. அது கம்பெனிக்காரர் மராட்டியரோடு செய்த யுத்தம். அதில் நின்ற சென்னை சிப்பாய்களுக்கு அந்த யானை கொடுக்கப்பட்டது. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், நேற்று சேர்ந்த பையனும் அதே யானையை அணிகிறான். அவன் அசாயேவைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அது அவனுக்கு உரியது. ஏன்? அது குடும்பப் பெயரைப் போல. சேர்ந்த அன்றே கிடைத்துவிடுகிறது.

சூலூரிலிருந்தும் ஒரு உதாரணம் சொல்லுகிறேன். விமானப்படையின் 18வது ஸ்குவாட்ரன் 2020 மே 27 அன்று சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடியும் இயங்கத் தொடங்கியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானத்தில் தனியாகப் போரிட்டு மரித்த நிர்மல்ஜித் சிங் சேகான் அந்த ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அந்த ஸ்குவாட்ரனில் சேருகிற இளம் பைலட் அதன் சின்னத்தை அணியலாம். சேகானின் பரம்வீர் சக்கரத்தை அணிய முடியுமா? முடியாது! ஸ்குவாட்ரன் சின்னம் வழிவழியாக வரும். பதக்கம் அப்படி வராது.

2. "நான் இதில் தேறினவன்"

இரண்டாவது வகை, கடினமான பயிற்சியில் தேறினதற்கான அடையாளம். பாராசூட் படையின் ஸ்பெஷல் ஃபோர்சஸ் வீரர்கள் அணிகிற "பலிதான்" சின்னத்தைப் பலருக்குத் தெரியும். 2019 உலகக் கோப்பையில் தோனி தம்முடைய கையுறையில் அதைப் போட்டிருந்தார். எடுத்துவிடும்படி ஐ.சி.சி. சொன்னது. தேசமே அதைப் பற்றிப் பேசியது. இந்த வகைச் சின்னம் ஒரு மனிதனின் திறமையைச் சொல்லும். அவன் எங்கே போனான், எதைக் கண்டான் என்பதைச் சொல்லாது.

3. "நான் அங்கே இருந்தேன்"

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்த மூன்றாவதைத்தான்.

அமெரிக்க இராணுவத்தில் ஒரு வழக்கம் உண்டு. இப்போது வேலை செய்கிற பிரிவின் சின்னத்தை இடது தோளில் தைப்பார்கள். யுத்தகளத்தில் எந்தப் பிரிவோடு நின்றார்களோ, அந்தப் பிரிவின் சின்னம் வலது தோளில் வரும். இது இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து வருகிற வழக்கம். இடது தோள் மாற்றலுக்கு மாற்றல் மாறிக்கொண்டே இருக்கும். வலது தோளுக்கு அவர் சம்பாதித்தது அவரை விட்டுப் போகாது. வலது தோள் வெறுமையாக இருந்தால், இவர் இன்னும் போர்முனையைப் பார்க்கவில்லை என்று மற்றவர்கள் வாய் திறக்காமலே அறிந்துகொள்வார்கள்.

நம் இராணுவத்தில் தோள் சின்னம் அப்படி அல்ல. டிவிஷன் மாறினால் சின்னமும் மாறிவிடும். அந்த வேலையை நம்மிடத்தில் பதக்கங்கள் செய்கின்றன. 1999 கார்கில் யுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கார்கில் போர்முனையில் நின்றவர்களுக்கு "ஆபரேஷன் விஜய் ஸ்டார்". அந்த நாட்களில் மற்ற எல்லைப் பகுதிகளில் ஆயத்தமாய் நிறுத்தப்பட்டவர்களுக்கு "ஆபரேஷன் விஜய் மெடல்". இருவரும் கடமை செய்தவர்களே. ஒருவரும் குறைந்தவர் அல்ல. ஆனாலும் ஸ்டார் வேறு, மெடல் வேறு. எதிரியால் காயப்பட்டவருக்குத் தனியாக ஒரு பதக்கம் உண்டு.

ஸ்டார் எதைச் சொல்லுகிறது? "நான் பெரிய வீரன்" என்றா? இல்லை. வீரச் செயலுக்கு வீர் சக்கரம், மகாவீர் சக்கரம் என்று வேறே இருக்கிறது. "குண்டு விழுந்த இடத்தில், இன்னாரோடு, நானும் இருந்தேன்." இது ஒன்றுதான் அதன் சாட்சி. அடுப்பு மூட்டிச் சோறு ஆக்கினவரும் அங்கே இருந்தால் அவருக்கும் அது உண்டு.

சிலோன் பட்டை

கைதட்டல் இல்லாத யுத்தத்துக்குப் போனவர் என்ன செய்வார்? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது.

1987 ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதிப்படை ஸ்ரீலங்காவுக்குப் போனது. அந்த அக்டோபரிலேயே அமைதி காக்கப் போன படை யுத்தத்தில் இறங்கியது. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரும்பும்போது நம் வீரர்களில் சுமார் 1200 பேர் மரித்திருந்தார்கள். ஈழத்துப் பொதுமக்களும் மரித்தார்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நடந்தது இன்றும் ஆறாத காயம். படை சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர் மரித்த துக்கத்தினால் அநேகர் அதை நியாயம் என்றார்கள். அநேகர் வருத்தப்பட்டார்கள்.

ஸ்ரீலங்கா போனவர்களுக்கு "விதேஷ் சேவா" பதக்கம் உண்டு. அதன் பட்டையில் அந்த நாட்டின் பெயர் பொறித்த சிறு உலோகத் தகடு இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து அங்கே போய் வந்த ஒரு பெரியவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். நான் அவரிடம் கேட்டேன்: "ஏனுங்கண்ணா, இத்தனை மெடல் வெச்சிருக்கறீங்களே, எதை முதல்ல காட்டுவீங்க?"

அவர் சொன்னார்: "காட்டறதுக்கு ஒண்ணுமில்லீங்க தம்பி. ஆனா இந்தச் சிலோன் பட்டையக் கழட்ட மட்டும் மனசு வர்றதில்ல. எங்ககூட வந்த பசங்க சில பேரு திரும்பி வரலைங்க. இதைக் கழட்டுனா அவனுங்களை அங்கயே உட்டுட்டு வந்த மாதிரி ஆயிருமுங்க."

கொஞ்சநேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் சொன்னார்: "அங்க அம்மாங்க அழுதாங்க பாருங்க, அது எங்கூட நின்ன வடக்கத்திப் பையனுக்கு வெறும் சத்தம். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுதுங்க. அதுவும் இந்தப் பட்டைலதான் இருக்குது."

பிரியமானவர்களே, "அங்கே இருந்தேன்" என்பதற்கு இதுதான் அர்த்தம்! அந்தப் பட்டை ஜெயத்தைச் சொல்லவில்லை. யுத்தம் நியாயமா என்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு மனிதன் கண்டதையும், இழந்ததையும், சுமப்பதையும் சொல்லுகிறது. அப்போஸ்தலனாகிய பவுல் கலாத்தியருக்கு எழுதின நிருபத்தை முடிக்கும்போது தம்முடைய பட்டங்களைச் சொல்லவில்லை; சரீரத்தில் இருந்த தழும்புகளைச் சொன்னார். தழும்பு உள்ளவருக்கு அதிக விளக்கம் தேவைப்படாது.

கடையில் கிடைக்குமா?

நம் திருப்பூரில் எந்தச் சின்னத்தையும் பனியனில் அச்சடிக்கலாம். பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு சுற்றுகிறார்கள். பட்டாளத்தார் இதைப் பார்த்து ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? இருக்காத இடத்தில் இருந்ததாகச் சொல்வது, இருந்து மரித்தவனுடைய இடத்தைத் திருடுவது. படைவீரர் என்று மற்றவர்கள் நம்பவேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடையையோ அடையாளத்தையோ அணிவது சட்டப்படியும் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 140வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168வது பிரிவு.

மரித்த வீரருடைய மனைவியோ பிள்ளையோ அவருடைய பதக்கங்களை அஞ்சலி நிகழ்ச்சிகளில் அணியலாம். ஆனால் வலது மார்பில் மாத்திரம். இடது பக்கம் சம்பாதித்தவருக்கு உரியது. வலது பக்கத்தில் இருந்தால், "இது என்னுடையது அல்ல, நான் நேசித்தவருடையது" என்று அர்த்தம். எவ்வளவு நேர்மையான ஏற்பாடு!

நாம் செய்யவேண்டியது

பட்டாளத்து அண்ணனைப் பார்த்தால், "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்காதிருங்கள். பிள்ளைகளும் கேட்காதபடி சொல்லிக்கொடுங்கள். அந்தக் கேள்வி அவர் மறக்கப் பார்ப்பதைக் கிளறும். "எங்கீங்க இருந்தீங்க? கூட யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். வந்தால் இடையில் பேசாமல் கேளுங்கள். திரும்பி வராத ஒருவனுடைய பெயரை அவர் சொல்லக்கூடும். அந்தப் பெயரை நீங்களும் ஒருமுறை உங்கள் வாயால் சொல்லுங்கள். தன்னோடு இருந்தவனை இன்னொருவரும் அறிந்தார் என்கிற ஆறுதலாவது அவருக்கு இருக்கட்டும்.