சுறா வாங்கும் முன் அதற்கு வீடு பாருங்கள்

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் புதிதாக மீன் தொட்டி வைக்கும் பிள்ளைகள் "ஐயா, குட்டிச் சுறா எங்கே கிடைக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். அது எங்கே குடியிருக்கும் என்று கேட்பவர் குறைவு. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. கடையில் சுறா என்ற பெயரில் இருப்பவை பெரும்பாலும் சுறாக்களே அல்ல. பாலா சுறா கெண்டை இனம். நம் தீபகற்பம், சுமாத்ரா, போர்னியோ ஆறுகளைச் சேர்ந்தது. விரல் நீளத்தில் வாங்குவது 35 சென்டிமீட்டர் வரை வளரும். கூட்டமாகவே வாழும் என்பதால் ஐந்து மீன்களாவது வேண்டும். தொட்டி ஆறடிக்குக் குறையக் கூடாது. ஐரிடெசென்ட் சுறா என்பது நாம் குழம்பு வைக்கும் பாத்தின் மீன்தான். ஒரு மீட்டரையும் தாண்டும். குளம் இல்லாதவர் தொடவே வேண்டாம். சிவப்பு வால் சுறாவுக்கு நான்கடித் தொட்டியும் ஒளிந்துகொள்ளக் கல்குகையும் போதும். ஆனால் ஒன்றுதான், இரண்டு விட்டால் ஓயாமல் சண்டை.

2. உண்மையான சுறாதான் வேண்டுமென்றால் மூங்கில் சுறா. மலாக்கா நீரிணையிலேயே வாழ்கிறது. முட்டையிலிருந்து வரும்போது ஒரு சாண்கூட இருக்காது. வளர்ந்தால் ஒரு மீட்டர். குட்டியைப் பார்த்துத் தொட்டி வாங்காதீர்கள். அது அடியில் ஊர்ந்து திரியும் மீன், ஆகவே உயரத்தால் பயனில்லை, அகலம்தான் முக்கியம். உடலை வளைக்காமல் திரும்ப நான்கடி அகலம், எட்டடி நீளம், இரண்டடி ஆழம் கொடுங்கள்.

3. அந்த அளவுத் தொட்டியில் 1,800 லிட்டர் நீர் நிற்கும். நீர் மட்டுமே 1.8 டன், சதுர மீட்டருக்கு 600 கிலோ. மாடி வீடுகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கே கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். கீழ்வீட்டில் குழந்தைகள் படுத்திருப்பார்கள். கொண்டோவில் இருப்பவர்கள் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. தரை வீடுதான் சுறாவுக்கு ஏற்றது.

4. அடியில் நுண்மணல் மட்டும் போடுங்கள். கூர்மையான சரளையும் பவளத் துண்டுகளும் வயிற்றைக் கீறிவிடும். உடல் முழுவதும் மறையும்படி ஒரு குகை, மேலே கனமான மூடி.

5. கோலாலம்பூர் வெயிலில் மூடிய அறையின் தொட்டி நீர் 30 டிகிரிக்குப் போய்விடும். மூங்கில் சுறாவுக்கு 24 முதல் 26 டிகிரிதான் நல்லது. சில்லர் இராப்பகலாக ஓட வேண்டும். மின்கட்டணத்தை முன்பே கணக்குப் போடுங்கள். நீரும் அப்படியே. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆறு மாசுபட்டபோது கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகளில் நாள்கணக்கில் குழாய் வறண்டதே, அந்த மாதிரி நாளுக்கும் குளோரின் நீக்கிய நீரைச் சேமிக்க இடம் வேண்டும்.

6. செம்பு கலந்த மருந்து சுறாவுக்கு நஞ்சு. முன்பு அந்த மருந்து ஊற்றிய பழைய தொட்டியை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

7. வடிகட்டியை ஓடவிட்டு, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீனை விடுங்கள். வாரக்கணக்கில் ஆகும், பொறுங்கள்.

8. பெரிதாகிவிட்டது என்று எந்த மீனையும் ஆற்றில் விடாதீர்கள். இப்படி விட்ட பண்டாராயா மீன்கள் (உறிஞ்சுவாய்க் கெளுத்திகள்)தான் இன்று கிள்ளான் ஆற்றிலும் லங்காட்டிலும் பெருகிக் கிடக்கின்றன.

எட்டுக்கு நான்கடி ஒதுக்க முடியாத வீட்டில் சுறா வேண்டாம், பிள்ளைகளே. கே.எல்.சி.சி. அக்குவேரியாவுக்குப் போய்ச் சுரங்கப்பாதையில் நின்று ஆசைதீரப் பாருங்கள்.