பணி முடிந்த மோப்ப நாய் வீட்டுக்கு வருகிறது

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பெட்டி பெட்டியாக முகர்ந்து நகரும் லேப்ரடாரைப் பார்த்து ஆசைப்படாதவர் குறைவு. எட்டு வயதையொட்டி அது ஓய்வு பெறும்போது, நாங்கள் வளர்க்கிறோம் என்று முன்வருபவர்களும் இருக்கிறார்கள். விண்ணப்பம், நேர்காணல், வீட்டைப் பார்க்க வருவது எல்லாம் ஒழுங்காக முடிந்துவிடும். தடுமாற்றம் நாய் வீட்டுக்குள் கால்வைத்த பிறகு, முதல் மூன்று வாரத்தில்தான் தொடங்கும். அதனால் அந்த மூன்று வாரத்தைப் பற்றியே இங்கே அதிகம் சொல்கிறேன்.

முதலில் விதிகள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனமாக இருக்கவேண்டும். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். இதற்கு விலக்காக 2012-இல் ‘அடோர்’ திட்டம் வந்தது. உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கு வழிவிட்ட அந்தத் திட்டம் 50 சென்டிமீட்டர் உயரம், 15 கிலோ எடை என்ற வரம்போடு தொடங்கியது. 2020-இல் உயரம் 55 ஆக உயர்ந்தது, எடை வரம்பு நீங்கியது. காவல்துறையின் கே-9 பிரிவிலும் ஆயுதப்படையின் நாய்ப் பிரிவிலும் ஓய்வுபெற்ற மோப்ப நாய்களுக்கு வீவக வீட்டுக் கதவு 2017-இன் இறுதியில் திறந்தது. அதுவரை தனியார் வீடு உள்ளவர்களால் மட்டுமே அவற்றை எடுக்க முடிந்தது. லேப்ரடார், ஸ்பேனியல் போன்ற மோப்ப இனங்களுக்குத்தான் இந்த வழி. காவல் வேலை பார்த்த ஜெர்மன் ஷெப்பர்டும் பெல்ஜியன் மாலினோவாவும் வீவக வீட்டுக்கு வர முடியாது. தனியார் வீட்டில் வளர்த்தாலும் அவற்றுக்கு வெளியே போகும்போது வாய்மூடி, காப்பீடு என்று தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. உரிமம் எடுப்பது விலங்குநல மருத்துவச் சேவையின் இணையத்தளத்தில் ஒரு மாலையில் முடிகிற வேலை.

பனிச்சறுக்கு வண்டி இழுத்த இனம் என்று ஹஸ்கி கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: வீவக வீட்டில் வேண்டாம். விதியும் இடம் தராது. 31 டிகிரி வெயிலில் இரட்டை ரோமப் போர்வையோடு அந்த நாய் படும் பாட்டை நாள் முழுக்க ஓடும் ஏர்கான் தீர்த்துவிடாது. ஓய்வுபெற்ற நாய் ஒன்றுக்கு நல்லது செய்யவேண்டும் என்ற எண்ணம் இருந்தால், அதற்கான நாய்கள் இங்கேயே இருக்கின்றன.

வண்டி இழுத்த நாய்க்கும் மோப்ப நாய்க்கும் ஒரு பெரிய ஒற்றுமை உண்டு. அலாஸ்காவின் இடிடராட் பந்தயத்தில் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் ஓடிய நாயும், இங்கே சரக்குப் பெட்டிகளை முகர்ந்த நாயும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொட்டிலில் கழித்தவை. உழைத்து முடித்த பிறகு இப்படிப்பட்ட நாய்களுக்கு நேர்ந்தது எங்கும் நல்ல கதை இல்லை. அமெரிக்காவில் ராணுவ நாய்களைப் பொதுமக்கள் தத்தெடுக்க 2000-இல்தான் சட்டம் வந்தது. அதுவரை பணி முடிந்தவை பெரும்பாலும் ஊசி போட்டுக் கொல்லப்பட்டன. 2010-இல் கனடாவின் விஸ்லர் அருகே குளிர்கால ஒலிம்பிக் முடிந்து சுற்றுலா படுத்ததும், வண்டி இழுத்த நாய்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டன. அடுத்த ஆண்டு அது வெளியே தெரிந்த பிறகே பிரிட்டிஷ் கொலம்பியா அவற்றுக்கென்று விதிமுறை எழுதியது. சிங்கப்பூரில் கதவு திறந்திருக்கிறது. உள்ளே வரும் நாயை ஒழுங்காக வரவேற்கத் தெரிந்துகொள்வோம்.

நாய் வருவதற்கு முன்பே தரையைக் கவனியுங்கள். வழுவழுப்பான டைல்ஸ், இடுப்பு தேய்ந்த வயதான லேப்ரடாருக்குப் பெரிய எதிரி. வாசலிலிருந்து படுக்கைக்கும், படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கும் ரப்பர் விரிப்போ பழைய யோகா பாயோ தொடர்ச்சியாகப் போடுங்கள், இடையில் ஓர் அடி இடைவெளிகூட வேண்டாம். கால் ஒருமுறை சறுக்கினால் அந்த அறைக்குள்ளேயே வர மறுக்கும் நாய்கள் உண்டு.

வீட்டுக்கு வந்த அன்று குளிப்பாட்டாதீர்கள். உறவினரைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். பிள்ளைகள் கட்டிப்பிடித்துப் படம் எடுக்க வேண்டாம். கழுத்து வாரோடு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, ஒரு மூலையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். மின்விசிறி, தொலைக்காட்சி, மிக்ஸி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் அதற்குப் புதிது. தூங்கும்போது தொடவே கூடாது. கொட்டிலில் தனியாகத் தூங்கிய நாய், கை பட்டால் பதறி எழும், சில நேரம் பல்லும் படும். தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அது தலை தூக்கிப் பார்த்த பிறகு அருகில் போங்கள். வீட்டில் எல்லோருக்கும் இது சட்டம், பணிப்பெண்ணுக்கும் சேர்த்து.

அடுத்தது சிறுநீர். பயிற்சி பெற்ற நாய்தானே என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். அதற்குக் கிடைத்த பயிற்சி வேலைக்கானது. கொட்டிலின் சிமெண்டுத் தரையில் நினைத்த நேரத்தில் போய்ப் பழகிய நாய்க்கு உங்கள் டைல்ஸும் தாழ்வாரமும் புளோக்கின் கீழ்த்தளமும் ஒன்றுதான். எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும், படுக்கப்போகும் முன்பும் புல்தரைக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம். போய் முடித்த அந்த நொடியிலேயே ஒரு துண்டுத் தீனி, வீட்டுக்கு வந்த பிறகு கொடுத்தால் பயனில்லை. வீட்டுக்குள் போய்விட்டால் திட்டாதீர்கள். அமோனியா கலந்த துப்புரவு நீரால் துடைக்காதீர்கள், நாயின் மூக்குக்கு அதுவும் சிறுநீர் வாடைதான், அதே இடத்துக்குத் திரும்பும். செல்லப்பிராணிக் கடையில் என்சைம் கலந்த திரவம் கிடைக்கும், அதையே வாங்குங்கள். கையில் எப்போதும் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். கீழ்த்தளத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் அங்கேயே கழுவிவிடுங்கள். நகரமன்றத்துக்குப் புகார் போவது பெரும்பாலும் இதற்கும் குரைப்புக்கும்தான்.

மின்தூக்கியில் ஆள் இருந்தால் அடுத்ததற்குக் காத்திருங்கள். முஸ்லிம் அண்டை வீட்டாருக்கு நாயின் எச்சில் பட்டால் முறைப்படி கழுவவேண்டிய சமயக் கடமை உண்டு. அவர்கள் சொல்லாமலே நாம் ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை. ஏறும்போது நாய் சுவர்ப் பக்கம், நீங்கள் கதவுப் பக்கம்.

தனிமைக்கும் பழக்கவேண்டும். முதல் வாரத்திலேயே குப்பை கொட்டப்போகிற நேரம் அளவுக்கு விட்டுப் போய்த் திரும்புங்கள், பிறகு கால் மணி நேரம், பிறகு அரை மணி. போகும்போதும் வரும்போதும் கொஞ்சல் வேண்டாம். விடுப்பு எடுத்து ஒரு வாரம் கூடவே இருந்துவிட்டு எட்டாம் நாள் முழுநாள் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டு நாய்தான் ஊளையிடும்.

இனி மூக்கு. எல்லோரும் மறப்பது இதைத்தான். இந்த நாய்க்கு ஓய்வு என்ற ஒன்று கிடையாது. வெடிமருந்தைத் தேடப் பழகிய நாய், வாடை கிடைத்ததும் உட்கார்ந்து அந்த இடத்தையே பார்க்கும். அப்போது பந்து கிடைக்கும், அதுவே அதன் சம்பளம். ஒரு தீபாவளி வாரத்தில் பஃபலோ ரோட்டு புளோக்கில் ஒரு கருப்பு லேப்ரடாரைப் பார்த்தேன். மத்தாப்புப் பெட்டிகள் நிரம்பிய பிளாஸ்டிக் பையோடு ஓர் அம்மா நின்றிருந்தார். அது பக்கத்தில் போய்ச் சட்டென்று உட்கார்ந்தது. வால் ஆடவில்லை, வாய் மூடியிருந்தது, பார்வை பையை விட்டு நகரவில்லை. வளர்ப்பவர் வெட்கப்பட்டு வாரைப் பிடித்து இழுத்தார். இழுக்கக் கூடாது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பந்தும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் தேக்காவில் எதிர்ப்படும் பை ஒவ்வொன்றையும் சோதிக்கத் தொடங்கிவிடும். அமைதியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உங்களிடம் வந்ததற்குத் தீனி கொடுத்து நடையைத் தொடருங்கள்.

அதற்குப் பதிலாக வீட்டில் தினமும் வேறு வேலை கொடுங்கள். முதல் வாரம் அதன் காலைச் சாப்பாட்டை அட்டைப்பெட்டிகளிலும் சுருட்டிய துண்டுகளிலும் ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள். அது பழகியதும், ஒரு சிட்டிகை சோம்பைத் துணியில் முடிந்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் வைத்து ஒளியுங்கள். மோப்ப விளையாட்டுப் பயிற்சிகளில் சோம்பு வகை வாசனையையும் பயன்படுத்துகிறார்கள், நம் அஞ்சறைப்பெட்டியில் அது எப்போதும் இருக்கிறது. கண்டுபிடித்தால் பந்து. தீக்குச்சி, சிகரெட், மாத்திரை எதையும் இதற்குப் பயன்படுத்தவே கூடாது. கால் மணி நேரத் தேடல், வெயிலில் ஒரு மணி நேரம் நடப்பதைவிட நாயை நன்றாகக் களைப்பாக்கும். நடை மட்டும் போதும் என்பவர்களிடம் நான் இனி வாதாடுவதில்லை, சோபா கிழிந்ததும் அவர்களே வந்து கேட்கிறார்கள்.

நடை காலை 7 மணிக்கு முன்னால். சிராங்கூன் சாலைப் பக்கம் இருப்பவர்கள் ஞாயிறு மாலை வெளியே கொண்டுபோக வேண்டாம், கூட்டத்தில் அதன் மூக்குக்கு ஓய்வே இருக்காது. ஐந்தடி நடைபாதையில் கிடக்கும் கோழி எலும்பின் மேல் கண் வையுங்கள். நாயோடு எம்ஆர்டியிலும் பேருந்திலும் ஏற முடியாது, மருத்துவரிடம் போவதற்கு வாகனத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகாது என்பது பலருக்குத் தெரியும். பூஜை அலமாரியில் இருக்கும் கற்பூரத்தை யாரும் நினைப்பதில்லை. அதுவும் அந்துருண்டையும் நாய்க்கு நஞ்சு, உயரத்தில் வையுங்கள். இங்கே கொசு வழியாக இதயப்புழு பரவும், உண்ணிக் காய்ச்சலும் உண்டு. தடுப்பு மருந்தை மாதம் தவறாமல் கொடுங்கள். லேப்ரடார் எவ்வளவு கேட்டாலும் எடை ஏறவிடாதீர்கள், ஏறும் ஒவ்வொரு கிலோவும் அதன் இடுப்பில்தான் போய் உட்காரும்.

நிரந்தரமாக எடுக்கத் தயக்கமாக இருந்தால் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளலாம். மீட்பு அமைப்புகளுக்கு அப்படிப்பட்ட வீடுகள் எப்போதும் தேவை. அதற்கும் மேலே சொன்ன எல்லாமே பொருந்தும், வீவக விதியும் சேர்த்து. இன்னொருவரிடம் ஒப்படைக்கும் நாளுக்காக முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்: என்ன சாப்பிட்டது, எதற்குப் பயந்தது, எந்தச் சொல்லுக்கு உட்கார்ந்தது. வேலையில் அதை நடத்திய அதிகாரி பயன்படுத்திய கட்டளைச் சொற்களைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்தில் எழுதுங்கள். நாய் புது வீட்டுக்குப் போகும்போது அதன் படுக்கைத் துணியைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள்.

சரிப்பட்டு வரவில்லை என்றால் மூன்றாம் வாரத்திலேயே, கொடுத்த பிரிவிடமோ அமைப்பிடமோ சொல்லுங்கள். நண்பரின் நண்பருக்குக் கைமாற்றிவிடாதீர்கள். உரிமம் உங்கள் பெயரிலேயே இருக்கும், நாய் எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.