இளமஞ்சளா, இளம்பச்சையா?

படுக்கையறைக்கு எந்தப் பெயிண்ட் என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்தா? பச்சை பித்தத்தைத் தணிக்கும் என்று வைத்தியர் வாயால் கேட்க ஆசைதான்; சொல்ல மாட்டேன்! வெளிச்சம் குறைந்த அறைக்கு மஞ்சள், மேற்கு வெயில் அடிக்கிற அறைக்குப் பச்சை. இரண்டையும் சுவரில் ஓரடி பூசி, பகலிலும் ராத்திரி லைட் போட்டும் பாருங்கள். முடிந்தது.

என் கவலை, அடியில் இருக்கிற பழைய பெயிண்ட்தான். பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முந்தைய எனாமலில், முக்கியமாகப் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பில், ஈயம் நிறைய இருந்ததுண்டு. அதை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் தூசி தரையில் படியும். தவழுகிற குழந்தை கையை வாயில் வைக்காமல் இருக்குமா? ஈயம் மூளை வளர்ச்சியையே கெடுத்துவிடும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடிகிறவரை பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பாட்டி வீட்டில் இருக்கட்டும். அவர்கள் திரும்புவதற்குள் தரையைப் பெருக்காமல், ஈரத்துணியால் இரண்டு மூன்று தரம் துடைத்துவிடுங்கள்.